ஆற்றங்கரை மாநாடும் அமானிதமும்



சென்ற மாதம் ஓரிரவு இஷா தொழுகைக்குப் பின், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். இப்போது கட்டுமானப் பொருள் வணிகம் செய்கிறார். எங்கள் வட்டார முஸ்லிம் வணிகர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பொன்றில் பொறுப்பிலும் இருக்கிறார். அவர் கையில் வழவழப்பான தாளில் அச்சிட்ட விளம்பரக் கையேடுகள் மூன்று இருந்தன.

"ஹஜ்ரத், இந்த ஆண்டு வணிகர் மாநாட்டை இரண்டு நாள் நடத்த மஷூரா செய்திருக்கிறோம். பசுமை மாநாடாக இருக்க வேண்டும் என்பது இளைஞர்களின் விருப்பம். நோணாங்குப்பத்தில் ஆற்றங்கரை விடுதி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். தாங்கள் துஆச் செய்ய வேண்டும், முதல் நாள் பயானும் தாங்களே செய்ய வேண்டும்" என்றார்.

துஆச் செய்தேன். பயானுக்கு ஒப்புக்கொள்ளும் முன் கையேட்டைப் புரட்டினேன். தென்னை மரங்கள், அசையாத நீர், அந்தி வானம். இயற்கையின் மடியில் உறவாடுங்கள் என்ற பொருளில் பக்கத்துக்குப் பக்கம் வாசகங்கள். இருநூறு பேர் இரண்டு நாள் குளித்து, உண்டு, கழித்த பின் அந்தக் கழிவுநீர் எங்கே போகிறது என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. அதைக் கேட்டேன். மாணவர் சிரித்துவிட்டு, "அதையெல்லாம் யார் ஹஜ்ரத் கேட்கிறார்கள்?" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்றிரவு அது என்னை உறங்கவிடவில்லை. நாம் கேட்கவில்லை என்றால் வேறு யார் கேட்பது?

நோணாங்குப்பத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில செய்திகள். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தெற்கே, அரியாங்குப்பம் கொம்யூனில் உள்ள ஊர் அது. செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும் இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு, மற்றது சுண்ணாம்பாறு. சுண்ணாம்பாற்றின் படகுக் குழாம் இந்த ஊரில்தான் இருக்கிறது. விடுமுறை நாள்களில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவோர் இங்கே படகேறி, கழிமுகத்தை ஒட்டிய மணல் திட்டுக்குப் போகிறார்கள். பாரடைஸ் பீச் என்பது அதற்கு இட்ட பெயர். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இந்தக் கழிமுகப் பகுதியில் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. மீன்குஞ்சுகள் அவற்றின் வேர்களுக்கிடையேதான் பிழைத்து வளர்கின்றன. கடற்கரையில் வலை வீசுகிறவருக்கு இந்தச் சேற்று நிலம் ஒரு தாய்வீடு போன்றது.

வணிகர்கள் இந்த ஆற்றங்கரையில் கூடுவதும் புதிதன்று. சற்று வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்து, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானிய உலகத்தோடு நடந்த வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்தார். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை உடைந்த சாடிகளின் ஓடுகளும் மணிகளும்தாம். யோசித்துப் பார்த்தால், அன்றைய வணிகர் விட்டுச் சென்ற குப்பையைத்தான் இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து மதிக்கிறோம். நம்முடைய குப்பைக்கு அப்படியொரு மரியாதை கிடைக்கப் போவதில்லை.

இந்தப் பேச்சை எடுக்க எனக்கு முழுத் தகுதி உண்டா என்றால், இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாப் பிள்ளைகளை ஆண்டுச் சுற்றுலாவாக அந்த மணல் திட்டுக்கு அழைத்துச் சென்றோம். பிரியாணிப் பொட்டலம், தண்ணீர்ப் பாக்கெட், தெர்மாகோல் தட்டு. உண்டு முடித்த பிறகு எல்லாவற்றையும் பெரிய பைகளில் திணித்து ஓரமாக வைத்தோம். மாலையில் காற்று எழுந்தது, பைகள் சாய்ந்தன. படகுக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள் கிளம்பிவிட்டோம். ஒரு வாரம் கழித்து, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பெரியவர் ஒரு பையை என் முன்னால் விரித்துக் காட்டினார். அதில் எங்கள் மதரஸாவின் பெயர் பச்சை மையில் அச்சிடப்பட்டிருந்தது. "வலையில வந்துச்சு பாய். உங்க பேரு போட்டிருந்துச்சு, அதான் கொண்டாந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை; தொலைந்த பொருளைத் திருப்பித் தருபவரின் அமைதி இருந்தது. காற்று அடித்துவிட்டது என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அந்தச் சமாதானத்தை நினைத்து இன்றும் வெட்கப்படுகிறேன். மக்கள் நடக்கும் பாதையிலும் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வோர் சாபத்துக்கு ஆளாவதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியை (முஸ்லிம்) அந்த வாரம்தான் நான் வகுப்பில் நடத்தியிருந்தேன்.

மாநாட்டுக்கு வருவோம். பசுமையான இடம் என்றதும் நம் மனம் மரங்களையும் நீரையும் தேடிப் போகிறது. என் பார்வையில் பிழை அங்கேதான் தொடங்குகிறது. மரமும் நீரும் நிறைந்த இடத்துக்கு இருநூறு பேர் போவதால் அந்த இடத்துக்கு என்ன நன்மை? பசுமையை நாடிப் போவது வேறு; பசுமைக்குக் கேடு செய்யாதிருப்பது வேறு. அண்மையில் உலகமே இதைக் கண்டது. 2025 நவம்பரில் ஐ.நா.வின் பருவநிலை மாநாடு பிரேசிலின் பெலெம் நகரில் கூடியது. அமேசான் காட்டின் வாசலில் கூடிக் காட்டைப் பற்றிப் பேசுவோம் என்பது எண்ணம். வந்தவர்களுக்குத் தங்க அறைகள் போதாமல் சொகுசுக் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. மாநாட்டுக்கு முன்பே அந்நகரின் அருகே காட்டை ஊடறுத்து நெடுஞ்சாலை போடப்படுவது பெரும் செய்தியாயிற்று. அது மாநாட்டுக்காக அன்று என்று மாநில அரசு மறுத்தது. இருக்கட்டும், ஆனாலும் மறுக்க வேண்டிய நிலை வந்ததே.

நம் புதுச்சேரியும் இத்தகைய கூட்டத்தைக் கண்டிருக்கிறது. இந்தியா ஜி-20 தலைமை வகித்தபோது, அதன் அறிவியல் பிரிவின் தொடக்கக் கூட்டம் 2023 ஜனவரி 30, 31 தேதிகளில் இங்குதான் நடந்தது. தூய ஆற்றல் அதன் பேசுபொருள்களுள் ஒன்று. ஊரே வெள்ளையடிக்கப்பட்டது. கூட்டம் முடிந்ததும் சுவரின் சுண்ணாம்பு மட்டும் எஞ்சியது என்று எங்கள் தெருவில் ஒரு பெரியவர் சொல்வார். அவர் எதற்கும் குறை சொல்பவர். முழுவதும் நம்ப வேண்டியதில்லை.

ஒரு மாநாடு சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கேட்டில் பெரும் பங்கு மண்டபத்தில் நிகழ்வதில்லை. வந்து போகும் பாதையில் நிகழ்கிறது. 2021-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வொன்று, நேரில் கூடும் மாநாட்டை இணையவழிக்கு மாற்றினால் அதன் கார்பன் சுவடு 94 விழுக்காடு குறையும் என்று கணக்கிட்டது. எல்லாரும் திரைக்கு முன் அமர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஸலாம் சொல்லிக் கைகுலுக்கி, ஒரே ஸஹனில் உண்டு, கடன் பாக்கியைப் பற்றிக் காதோடு பேசுவதற்குத் திரை உதவாது. அதே ஆய்வு இன்னொரு வழியையும் காட்டுகிறது: ஒரே இடத்துக்கு அனைவரையும் வரவழைக்காமல், அவரவர்க்கு அருகான சில மையங்களில் கூட்டி, மையங்களை இணையத்தால் இணைத்தால், பாதிக்கு மேற்பட்டோர் நேரில் கலந்துகொண்டும் சுவடு மூன்றில் இரண்டு பங்கு குறையும்.

இதை மாணவரிடம் சொன்னேன். வரப்போகிறவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். புதுச்சேரி நகரம், கோட்டக்குப்பம், சுல்தான்பேட்டை ஆகியவற்றிலிருந்து பாதிக்கு மேல். காரைக்கால், நாகூர் பக்கமிருந்து ஐம்பது பேர். விழுப்புரம், கடலூர், பரங்கிப்பேட்டையிலிருந்து சிலர். சென்னையிலிருந்து இருபது. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் நான்கு பேச்சாளர்கள். பட்டியலைப் பார்த்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. விமானத்தில் வந்து ஆளுக்கு முப்பது நிமிடம் பேசிவிட்டுப் போகும் நான்கு பேரின் பயணம், மீதமுள்ள பலரின் பேருந்துப் பயணத்தை விஞ்சிவிடும். காரைக்கால்காரர்கள் ஐம்பது பேரும் காருக்கு ஒருவராக 130 கிலோமீட்டர் வந்து சேர்ந்தால், வாழை இலையில் சோறு போட்டு நாம் தேடும் நன்மை வழியிலேயே கரைந்து போகும். சென்னையிலிருந்து எழும்பூர் வழியாக ரயில் இருக்கிறது; காரைக்காலிலிருந்து பேருந்து இருக்கிறது. ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகே, நகருக்குள் உள்ள மண்டபமே பசுமையான மண்டபம். அங்கே தென்னை இல்லாதிருக்கலாம்.

இனி, ஆற்றங்கரை விடுதியை ஏன் தயக்கத்தோடு பார்க்கிறேன் என்பது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதன்முதலில் 1991-இல் வந்தது. கடலின் ஏற்றவற்றம் எட்டும் கழிகளுக்கும் ஆற்றுப் பகுதிகளுக்கும் அது பொருந்தும். 2011 அறிவிக்கையில் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது என்றிருந்த எல்லை, 2019 அறிவிக்கையில் 50 மீட்டராகச் சுருக்கப்பட்டது. சட்டம் சுருங்கியதால் ஆறு சுருங்கிவிடாது. கரையோரத்தில் இடம் பிடிக்க விரும்புவோர் விடுதிக்காரரிடம் அனுமதிச் சான்றைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பு இருக்கிறதா, இயங்குகிறதா, எங்கே வடிகிறது என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பெண் பார்க்கப் போகும்போது குடும்பத்தைப் பற்றி எத்தனை வீடு ஏறி விசாரிக்கிறோம்! அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

மாணவர் கையேட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரைக்கு அருகில் என்று எழுதியிருந்தது. சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரைக்கு 2021-இல் நீலக்கொடி கிடைத்தது உண்மைதான். டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு ஒன்று நீரின் தூய்மை, பாதுகாப்பு முதலான 33 அளவுகோல்களை வைத்து வழங்கும் சான்று அது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். நம் ஊருக்குப் பெருமைதான். ஆனால் அது கடற்கரைக்குக் கிடைத்த சான்று. பக்கத்து விடுதிக்குக் கிடைத்ததன்று. ஹாஜியாரின் பக்கத்து வீட்டில் குடியிருப்பதால் நாம் ஹாஜியாராகிவிட மாட்டோம்.

ஆற்று வாயில் செய்யும் வேலை எவ்வளவு தூரம் போய்த் தாக்கும் என்பதை இவ்வூர் தன் உடலிலேயே கற்றிருக்கிறது. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கருங்கல் அலைத்தடுப்புகள் கட்டப்பட்டன. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தடுப்பு அதை மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரின் கடற்கரை மணல் முழுவதும் போய்க் கருங்கல்லாயிற்று. அரிப்பு அங்கும் நிற்காமல் வடக்கேயுள்ள மீனவ ஊர்களின் வீடுகள் வரை நகர்ந்தது. கடற்கரைச் சாலையில் மணலில் விளையாடியதைப் பற்றி என் தந்தையார் சொல்வார்கள். நான் அறிந்ததெல்லாம் கல். யாரும் கெட்ட நோக்கத்தோடு அதைக் கட்டவில்லை. மணல் நகர்வதைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். பிறருக்குத் தீங்கு செய்வதும் தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற நபிமொழியை ஃபிக்ஹு அறிஞர்கள் ஓர் அடிப்படை விதியாகவே வைத்தார்கள். என் வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்காரனின் காற்றை அடைக்கலாமா என்பது வரை அதன் கீழ் விவாதித்தார்கள். ஆற்றின் வாயை அடைப்பதற்கும் அது பொருந்தாதா?

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஓடும் ஆற்றில் ஒளுச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் வரும் செய்தியை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டே மேற்கோள் காட்ட வேண்டும். ஆனால் நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்வார்கள் என்ற அனஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பு புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது, அதில் ஐயமில்லை. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தும் அளவு. முக்கால் லிட்டர் என்பர். ஹனஃபிகளின் கணக்கில் சற்றுக் கூடும். எங்கள் மதரஸாவில் ஹவ்ளு இருந்த காலத்தில் பிள்ளைகள் கையால் அள்ளினார்கள். குழாய் வந்த பிறகு ஒருநாள் ஒரு மாணவனின் ஒளுவுக்குக் கீழே வாளியை வைத்துப் பார்த்தேன். ஆறு லிட்டருக்கு மேல் நிறைந்தது. கரையோரப் பகுதிகளில் நிலத்தடி நீரை அளவுமீறி இறைக்க இறைக்கக் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. ஒருமுறை உவர்த்த கிணறு எளிதில் இனிக்காது. இருநூறு பேர் தங்கும் விடுதியில் நீச்சல்குளமும் தொட்டிக் குளியலும் சேர்ந்தால், அடுத்த தெருக் குடத்தின் நீரில்தான் நாம் கைவைக்கிறோம்.

பருவமும் பார்க்கப்படவில்லை. அவர்கள் குறித்திருந்தது டிசம்பர் முதல் வாரம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் அடித்ததை எங்களில் எவரும் மறக்கவில்லை. மழைக்கால முடிவில் கழிமுகத்து ஓரத்தில் இருநூறு பேரைத் தங்க வைப்பது அந்த ஊரின் மீட்புப் படகுகளுக்கும் சேர்த்துச் சுமை கொடுப்பதாகும். தவக்குல் வைப்பதற்கு முன் ஒட்டகத்தைக் கட்டு என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம்.

இதற்கு மாணவர் ஒரு மறுப்பைச் சொன்னார். அது நியாயமான மறுப்பு. "எல்லாரும் தாங்கள் சொல்வதுபோல் நகருக்குள்ளேயே இருந்துவிட்டால், நோணாங்குப்பத்துப் படகோட்டிகளும் விடுதியில் அறை துப்புரவு செய்யும் பெண்களும் என்ன செய்வார்கள்? ஆற்றைக் காப்பாற்றி ஆற்றோரத்துக்காரனைப் பட்டினி போடுவதா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. என் மீன்காரப் பெரியவரின் மருமகனே படகு ஓட்டுகிறவர். பிழைப்பைக் கெடுத்துப் பசுமை பேசுவது வயிறு நிறைந்தவனின் பேச்சு.

யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. தங்குவதும் போவதும் ஒன்றன்று. இரண்டு நாள் தங்கலில் பணத்தின் பெரும்பகுதி விடுதி முதலாளியிடம் நிற்கும். குப்பையும் கழிவும் ஊரிடம் நிற்கும். ஒரு காலைப்பொழுது சிறு குழுவாகப் போய், உள்ளூர்ப் படகில் ஏறி, சொன்ன கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து, உணவை நோணாங்குப்பத்துப் பெண்களிடமே சமைக்கச் சொல்லி வாங்கி உண்டு, கொண்டுபோன எதையும் விட்டுவராமல் திரும்பினால், பணம் கைமாறும், கழிவு மாறாது. அலையாத்திப் பக்கம் படகின் இயந்திரத்தை அணைத்துத் துடுப்புப் போடச் சொல்லலாம். ஒலிபெருக்கி வேண்டாம். விடுதிகளில் மதுவும் ஆட்டமும் பாட்டமும் இருப்பதால் பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்துவரத் தயங்கும் குடும்பங்களுக்கும் இது வசதி. அதை நான் சொல்லாமலே மாணவர் புரிந்துகொண்டார்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். அல் அஃராஃப் அத்தியாயத்தின் 31-ஆம் வசனம் அலங்காரத்தையும் உணவையும் அனுமதித்த கையோடு விரயத்தைத் தடுக்கிறது. உண்ணாதே என்று சொல்லவில்லை. நம் மாநாடுகளில் ஐந்து வகைக் கறி இல்லாவிட்டால் அமைப்பின் மானம் போய்விடும் என்று ஓர் எண்ணம். கீழே விழுந்த கவளத்தைத் தூசி தட்டி உண்ணச் சொன்ன நபியின் உம்மத்து, ஸஹனில் பாதியை மிச்சம் வைத்து எழுகிறது. முன்பதிவில் யார் எந்த வேளை உண்பார் என்று கேட்டுச் சமைத்தால் அரிசி மூட்டையே குறையும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. அந்தத் தடைக்குப் பிறகும் நம் கல்யாணங்களில் கரண்டியும் குவளையும் எந்தப் பொருளால் ஆனவை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

உலக முஸ்லிம்கள் ஆண்டுதோறும் எங்கே ஒன்றுகூடுகிறார்கள் என்று மாணவரிடம் கேட்டேன். மக்காவில் என்றார். அந்த எல்லைக்குள் மரத்தை வெட்டக்கூடாது, வேட்டைப் பிராணியை விரட்டக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. இலட்சக்கணக்கானோர் கூடும் இடத்துக்கு அல்லாஹ் விதித்த ஒழுங்கில், அவ்விடத்து முள்மரத்துக்கும் புறாவுக்கும் பங்கு இருக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுப்பது அங்கே நம் வசதியை மட்டும் வைத்து அன்று. அந்த இடத்துக்கு நாம் பட்ட கடமையையும் வைத்துத்தான். இன்று மக்காவிலும் மினாவிலும் குவியும் பாட்டில்களைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மாணவர் கையேடுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். போன வாரம் அழைத்தார். மண்டபத்தை ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பார்த்திருக்கிறார்களாம். இரண்டு நாளை ஒரு நாளாக்கிவிட்டார்கள். காரைக்கால்காரர்கள் தங்கள் ஊர் மண்டபத்திலேயே கூடித் திரைவழி இணைவதற்குச் சம்மதம். ஆனால் மதிய உணவு தங்கள் ஊர்ச் சமையல்காரர் கையால்தான் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். கோலாலம்பூர்ப் பேச்சாளர் ஒருவர் மட்டும் நேரில்தான் வருவேன் என்கிறாராம். அவருக்குத் தாயார் கோட்டக்குப்பத்தில் இருக்கிறார்கள், எப்படியும் வருவார். தேதியை பிப்ரவரிக்குத் தள்ளுவதில் இன்னும் இழுபறி. அந்த மாதம் கல்யாணங்கள் நிறைய என்று ஜவுளிக்கடைக்காரர்கள் எதிர்க்கிறார்கள். விடுதிக்கு முன்பணம் கொடுத்துவிட்ட ஒருவர் அதைத் திரும்பப் பெற அலைகிறார்.

வியாழன் இரவு மஷூரா இருக்கிறது. அதற்கு முன் கழிமுகத்தை ஒருமுறை பார்த்துவர என்னையும் அழைத்திருக்கிறார்கள். மீன்காரப் பெரியவரையும் உடன் அழைத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். படகுக் கூலியைப் பற்றி அவர் மருமகன்தான் சொல்ல வேண்டும்.